துருத்தியை மடியில் வைத்து எழுதியவர்: ஷார்லட் சார்க் பற்றிப் பேசலாமா?

மேடைக்கோடி (இழையைத் தொடங்கியவர்):

மூன்று வாரமாக ஒரே புத்தகத்தோடு, பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில நடிகை ஒருவரின் தன்வரலாற்றோடு, அலைந்துகொண்டிருக்கிறேன். இறக்கி வைக்க ஆள் வேண்டும், அதனால் இந்த இழை.

1755ஆம் ஆண்டு. லண்டனின் வடக்கு ஓரம், கிளார்க்கன்வெல் பக்கம், குப்பைமேட்டை ஒட்டி ஒரு குடிசை. சாமுவேல் வைட் என்பவர் ஒரு பதிப்பாளரோடு அங்கே போகிறார். கதவைத் திறக்கும் வேலைக்காரி எலும்பும் தோலுமாக நிற்கிறாள். உள்ளே அடுப்போரம் ஊனமான ஒரு நாற்காலி, அதில் நாற்பது கடந்த பெண்மணி. நாற்காலியின் முதுகில் ஒரு மேக்பை பறவை. அடுப்புத் திண்டின் ஒரு பக்கம் குரங்கு, மறுபக்கம் பூனை. காலடியில் விலாவை எண்ணிவிடக்கூடிய நாய். மடியில் ஒரு துருத்தி. காற்றுக்குழல் உடைந்துபோனதால் நெருப்பு ஊத லாயக்கில்லை. எழுதுபலகையாகப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறது. மைக்கூடு உடைந்த தேநீர்க் கோப்பை. பேனா ஒன்றே ஒன்று, அதுவும் தேய்ந்து கட்டையாகிவிட்டது. வந்தவர்களுக்கு ஆடும் கால்கள் மூன்று கொண்ட ஒரு பலகை. அதில் உட்கார்ந்து, அவர் தன் நாவலைப் படித்துக்காட்டக் கேட்கிறார்கள்.

கேட்ட விலை 30 கினி (பவுண்டைவிடக் கொஞ்சம் கூடுதலான அன்றைய நாணயம்). பதிப்பாளர் வாய்திறந்தது 5 கினிக்கு. இழுபறிக்குப் பிறகு 10 கினிக்குப் படிந்தது. தனக்கு 50 பிரதிகள் வேண்டும் என்றும் பெண்மணி பேசி முடித்துக்கொண்டார்.

அவர்தான் ஷார்லட் சார்க். அப்பா கோலி சிபர்: நடிகர், நாடக ஆசிரியர், டுரூரி லேன் அரங்கை நடத்தியவர்களில் ஒருவர், 1730இலிருந்து அரசவைக் கவிஞர். (உச்சரிப்புப்படி 'காலி' என்றுதான் எழுத வேண்டும். தமிழில் அது வேறு மாதிரி ஒலிப்பதால் கோலி என்றே விடுகிறேன். அவருடைய எதிரிகளுக்குத் தமிழ் தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.) அந்த வீட்டுக் கடைக்குட்டி துருத்தியில் எழுதும் நிலைக்கு வந்தது எப்படி? படித்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தாமிரபரணிக்காரி:

நான் படித்திருக்கிறேன். பாதியிலேயே நிறுத்த நினைத்து, நிறுத்த முடியாமல் முடித்தேன்.

பிறந்தது 1713 ஜனவரி 13. அப்போது அம்மாவுக்கு 45 வயது என்று அவரே எழுதுகிறார். மூத்தவர்களுக்கு இந்தப் பிறப்பே பிடிக்கவில்லையாம். நம் பக்கத்தில் பேரன் பேத்தி எடுக்கும் வயதில் பிள்ளை பெற்றால் வீட்டுக்குள் எப்படி ஒரு முணுமுணுப்பு ஓடுமோ, அப்படித்தான் இருந்திருக்கிறது.

எனக்குப் பிடித்தது நான்கு வயதுக் கதை. விடியற்காலை எழுந்து அண்ணனின் மேல்சட்டையை மாட்டிக்கொண்டு, அப்பாவின் பெரிய டோப்பாவையும் தொப்பியையும் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வாளையும் செருகிக்கொண்டு குழந்தை வெளியே போகிறது. காலில் இருப்பது பெண்பிள்ளைச் செருப்பு. அது தெரிந்தால் வேடம் கலைந்துவிடும் என்று ஒரு பள்ளத்துக்குள் இறங்கி அங்கேயே நடக்கிறது! மேலே போகிறவர்கள் எல்லாருக்கும் குனிந்து குனிந்து வணக்கம். கூட்டம் சிரிக்கிறது, குழந்தைக்கோ தன்னை அப்பாவென்றே நம்புகிறார்கள் என்ற நினைப்பு. கடைசியில் வேலைக்காரர் தோளில் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போகிறார்.

செருப்பை மறைக்கப் பள்ளத்தில் இறங்கிய அந்த மூளைதான் பிறகு வாழ்க்கை முழுவதும் வேலை செய்கிறது.

சந்தேகப்பிராணி:

அழகான கதை. ஆனால் நாற்பது வயதில், வயிற்றுப்பாட்டுக்காக எழுதிய ஒருவர் நான்கு வயதில் நடந்ததைச் சொல்வது இது. நான்கு வயதில் என்ன செருப்பு போட்டிருந்தோம் என்று நம்மில் யாருக்காவது நினைவிருக்கிறதா?

துருத்திக் கதையும் அப்படித்தான். வைட் அதை அச்சில் கொண்டுவந்தபோது சார்க் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. குரங்கு, பூனை, நாய், மேக்பை... ஒரு மேடையில் எத்தனை பிராணிகளை ஏற்றுவது?

பழைய_பிராம்ப்டர்:

தம்பி, சந்தேகப்படுவதில் தப்பில்லை. ஆனால் நாடகக்காரர்களைச் சோதிக்க அவர்கள் சொல்லும் கதை வேண்டாம், நோட்டீஸ் போதும். லண்டன் அரங்குகளின் அன்றைய விளம்பரத் தாள்களும் பத்திரிகை அறிவிப்புகளும் ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. சார்க் நடித்ததாகச் சொல்லும் முக்கிய வேடங்கள் அவற்றில் இருக்கின்றன.

1730 பிப்ரவரியில் ரிச்சர்ட் சார்க் என்ற வயலின்காரரோடு கல்யாணம். ஏப்ரலில் டுரூரி லேனில் முதல் மேடை, சின்ன வேடம். நோட்டீஸில் பெயர்கூட இல்லை, இதற்கு முன் எந்த மேடையிலும் தோன்றாத ஓர் இளம் பெண் என்று மட்டும் இருந்தது. அதில் அவருக்குப் பெரிய மனக்குறை. அடுத்த வேடத்துக்குப் பெயரைப் பெரிய எழுத்தில் போட்டார்கள். ஒரு வாரம் ஊரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து நோட்டீஸ்களைப் படிப்பதே வேலையாக இருந்தது என்று எழுதுகிறார். இதைக் கற்பனை என்று யாராவது சொன்னால், அவர் நாடகக்குழுவோடு ஒரு நாள்கூட இருந்ததில்லை என்று அர்த்தம். நானே என் பெயர் 'உதவி' என்ற வரிசையில் வந்த நோட்டீஸைச் சுவரிலிருந்து உரித்து எடுத்து வைத்திருந்தேன், பின்பக்கம் பசையோடு.

வெகு சீக்கிரம் ஆண் வேடங்கள் வந்துவிட்டன. ஒத்தெல்லோவில் ரோடரிகோ, பிச்சைக்காரர் ஓபராவில் கொள்ளைக்காரன் மக்ஹீத், லண்டன் வணிகனில் ஜார்ஜ் பார்ன்வெல். நம் மேடை மொழியில் சொன்னால் ராஜபார்ட். பெண்கள் கால்சட்டை போட்டு நடிப்பது அங்கே அன்று புதிதில்லை, பார்க்கக் கூட்டமும் உண்டு. ஆனால் மற்ற நடிகைகளுக்கு அது கால் அழகைக் காட்டும் வேடம். இவர் அந்த வேடத்தை வீட்டுக்கும் போட்டுக்கொண்டு போனார்.

மேடைக்கோடி:

ஐயா, அப்படியே அப்பாவோடு முட்டிக்கொண்ட கதையையும் சொல்லிவிடுங்கள்.

பழைய_பிராம்ப்டர்:

முட்டல் முதலில் அப்பாவோடு இல்லை. டுரூரி லேன் சார்ல்ஸ் ஃபிளீட்வுட் கைக்குப் போன பிறகு அவரோடு. சார்க்குக்கு வேலை போயிற்று. 1735இல் அவரை மூளையில்லாத முதலாளியாக்கி 'நிர்வாகக் கலை' என்று ஒரு நாடகம் எழுதி மேடையேற்றினார். அச்சடித்த பிரதிகளை ஃபிளீட்வுட் ஆள் வைத்து வாங்கிக் குவித்தார். எழுத்தாளருக்கு அதைவிட நல்ல விற்பனை கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

அடுத்த ஆண்டு சார்க் நாடக ஆசிரியர் ஹென்றி ஃபீல்டிங்கின் குழுவில் சேர்ந்தார். ஹேமார்க்கெட் சின்ன அரங்கு, நாடகம் 'பாஸ்குவின்'. சம்பளம் வாரம் 4 கினி என்று கணக்குச் சொல்கிறார். வேடம் லார்டு பிளேஸ், தேர்தலில் பதவிகளை அள்ளி வீசி ஓட்டு வாங்கும் பிரபு. ஒரு வாக்காளர் தனக்கு ஒயின் பிடிக்கும் என்கிறார். அப்படியானால் உன்னை அரசவைக் கவிஞனாக்குகிறேன் என்கிறார் பிரபு (அந்தப் பதவிக்குப் பீப்பாய் ஒயின் மானியம் உண்டு). ஐயோ, எனக்குக் கவிதை எழுத வராதே. அதனாலென்ன, வாழ்த்துப்பா எழுத வருமே!

அரங்கம் முழுக்கச் சிரிக்கிறது. அந்த ஆண்டு அரசவைக் கவிஞர் கோலி சிபர். வசனத்தைப் பேசியது அவர் மகள்.

தாமிரபரணிக்காரி:

அப்பாவின் டோப்பாவை இரண்டாம் முறை மாட்டியது அன்றைக்குத்தான். இந்த முறை யாரும் தோளில் தூக்கிக்கொண்டு போகவில்லை.

வழக்குரை:

சட்டப் பின்னணியை நான் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவருடைய வீழ்ச்சி வெறும் குடும்பச் சண்டையாகத் தெரியும். ஃபீல்டிங்கின் கேலியில் பிரதமர் வால்போலும் தப்பவில்லை. 1737 ஜூனில் நாடக உரிமச் சட்டம் வந்தது. புதிய நாடகம் எதுவானாலும் 14 நாளுக்கு முன் அரண்மனை அதிகாரியான லார்டு சேம்பர்லேனிடம் பிரதி கொடுக்க வேண்டும். அனுமதி இல்லாமல் பணத்துக்கு நடித்தால் 50 பவுண்டு அபராதம். லண்டனில் முறையாக நாடகம் போட டுரூரி லேன், கோவென்ட் கார்டன் இரண்டுக்குத்தான் உரிமை. தணிக்கைப் பகுதி எத்தனை நாள் உயிரோடு இருந்தது தெரியுமா? 1968 வரை.

இதன் பொருள்: ஒரு நடிகைக்கு வேலை கொடுக்க ஊரில் இரண்டே முதலாளிகள். ஒருவரை அவர் மேடையில் மூளையற்றவராக்கியாயிற்று. ஃபீல்டிங் அரங்கை மூடிவிட்டு வக்கீலுக்குப் படிக்கப் போய்விட்டார். சார்க் சட்டம் படிக்க முடியுமா? பெண்ணுக்கு அந்தக் கதவே கிடையாது.

மேடைக்கோடி:

அதனால்தான் பொம்மைகள். 1738இல் ஹேமார்க்கெட் அருகே ஜேம்ஸ் தெருவில் பழைய டென்னிஸ் அரங்கில் 'பஞ்ச்' பொம்மலாட்டம் தொடங்குகிறார், முறையான அனுமதியோடு. பெரிய மனிதர்களின் அச்சுப் படங்களை வாங்கி, அதே முகங்களைப் பொம்மைகளுக்குச் செதுக்கச் செய்தார். நல்ல துணியில் உடை. வருமானமும் வந்தது. பிறகு உடம்பு படுத்துவிட்டது. கிட்டத்தட்ட 500 பவுண்டு விழுங்கிய சொத்தை 20 கினிக்கு விற்றதாகச் சொல்கிறார்.

அதற்கு முன்பு லாங் ஏக்கர் தெருவில் மளிகை, எண்ணெய்க் கடை. சர்க்கரை விலை ஏறுகிறதா இறங்குகிறதா என்று பெரிய வியாபாரிபோல் பேசித் திரிந்தாராம். தீவட்டிப் பையன் ஒருவன் பித்தளை எடைக்கற்களைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

புருஷன் ஜமைக்காவுக்குப் போய் அங்கேயே இறந்துவிட்டார். கையில் ஒரு பெண் குழந்தை.

வழக்குரை:

கடன் வழக்கை விட்டுவிட்டீர்கள். சுமார் 7 பவுண்டு கடனுக்காக அமீனா வந்து பிடிக்கிறார். காப்பாற்றியது யார் தெரியுமா? கோவென்ட் கார்டன் காபிக் கடைப் பெண்கள். ஊர் மதிக்காத அந்தப் பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் காசு போட்டு மீட்டார்கள். சொந்த வீட்டிலிருந்து ஒருவரும் வரவில்லை.

விட்ட பிறகு இன்னொரு சிக்கல். சரிகை வைத்த தொப்பியை வைத்து ஊரே அவரை அடையாளம் கண்டுகொள்ளும், மற்ற கடன்காரர்களும் வந்துவிடுவார்கள். அமீனாவே தன் தொப்பியைக் கழற்றிக் கொடுத்து அவருடையதைத் தான் வைத்துக்கொண்டார். அமீனாவின் தொப்பியில் இவர் முழுகிப்போக, இவருடைய தொப்பி அமீனாவின் பெருந்தலையில் ஒட்டிக்கொண்டு நின்றதாம். என் தொழிலில் எத்தனையோ ஜப்தி பார்த்திருக்கிறேன். தொப்பி கொடுத்த அமீனாவைப் பார்த்ததில்லை.

ஏட்டுப்புழு:

தாமதமாக வருகிறேன். எல்லாரும் சுற்றிச் சுற்றி வருகிற கேள்வியை நேராகக் கேட்கிறேன். ஏன் ஆண் உடை? கடன்காரர்களிடமிருந்து ஒளியவா? ஆண் சம்பளத்துக்காகவா? ஒரு பிரபுவிடம் பணியாளாக இருந்திருக்கிறார், மேரிலபோன் விடுதியில் பரிமாறியிருக்கிறார், இரண்டும் ஆணாகத்தான். பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி இவர்மேல் காதலாகி, தேநீருக்குக் கூப்பிட்டுக் கல்யாணப் பேச்சு வரை போய், தான் யார் என்று இவர் சொல்ல வேண்டியதாயிற்று. ஊர் ஊராகத் திரிந்த காலத்தில் கூடவே ஒரு தோழி, 'மிஸஸ் பிரவுன்' என்ற பெயரில். அந்தத் தோழியின் உண்மைப் பெயரைப் புத்தகம் சொல்லவே இல்லை.

சார்க் காரணம் சொல்கிறாரா என்றால், சொல்ல மறுக்கிறார். அதன் பின்னால் ஒரு ரகசியம் இருக்கிறது, காப்பதாகச் சத்தியம் செய்திருக்கிறேன், என்ன பழி வந்தாலும் அவிழ்க்க மாட்டேன் என்று எழுதிவிட்டு அடுத்த கதைக்குப் போய்விடுகிறார்.

சந்தேகப்பிராணி:

தன் கதையை வாராவாரம் பகுதி பகுதியாக விற்றவர் ரகசியத்தை அவிழ்த்துவிட்டால் அடுத்த வாரம் யார் வாங்குவார்கள்?

தாமிரபரணிக்காரி:

அண்ணா, உங்களுக்கு எல்லாமே வியாபாரம். ஒருவர் சொல்ல விரும்பவில்லை என்றால் விட்டுவிடக் கூடாதா? இன்றைய சொற்களில் ஏதாவது ஒன்றை எடுத்து அவர்மேல் ஒட்டுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. நல்ல வேளை, நாம் 'அவர்' என்று எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு வரியிலும் அவனா அவளா என்று திணறுகிறார்கள்.

ரகசியத்தை விட எனக்கு அந்தச் சாசேஜ்தான் மறக்கவில்லை. மகளுக்கு உடம்பு சரியில்லை. கையில் இருந்த காசுக்குப் பன்றியிறைச்சி வாங்கிச் சாசேஜ் செய்து, விற்கக் கிளம்புகிறார். மிச்சத்தை வைத்திருந்த இடத்தில் எங்கிருந்தோ வந்த பசித்த நாய் வாய் வைத்துவிட்டது. முதலும் போயிற்று, லாபமும் போயிற்று. இதைச் சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பழைய_பிராம்ப்டர்:

பன்றி என்றதும் செப்ஸ்டோ ஊர்க் கதை. சினைப்பன்றி என்று நம்பி ஒன்றை வாங்கி, குட்டி போடும் போடும் என்று மாதக்கணக்கில் தீனி போட்டார்கள். கடைசியில் அது காயடித்த கிழட்டு ஆண் பன்றி! ஊரெல்லாம் தன்னை ஆண் என்று நம்பவைத்தவரை ஒரு பன்றி ஏமாற்றிவிட்டது.

அந்த ஊர் சுற்றிய ஆண்டுகள்தான் என் மனசுக்கு நெருக்கம். தானியக் களஞ்சியம், கொட்டகை, சத்திரத்து மாடி, கிடைத்த இடத்தில் நாடகம். மின்ச்சின்ஹாம்ப்டனில் உரிமம் இல்லாமல் நடித்ததற்குப் பிடித்து உள்ளே போட்டார்கள். அந்த இரவு, மக்ஹீத் சிறையில் பாடும் பாட்டுகளை நிஜமான கைதிகளுக்கு நிஜமான சிறையில் பாடிக் காட்டியிருக்கிறார். ராஜபார்ட்டுக்கு அதைவிடப் பொருத்தமான அரங்கு அமையுமா?

ஆனாலும் அந்த வாழ்க்கையை அவர் மெச்சவில்லை. ஊர் சுற்றி நாடகம் போடுவது ஓர் அழுக்கான சின்ன யுத்தம், நான் பதவியைத் துறந்துவிட்டேன் என்கிறார். குடித்துவிட்டு மேடையேறுகிறவர்கள், ஒரு வசனமும் பாடமாகாதவர்கள் எல்லாரையும் வெளுத்து வாங்குகிறார். பிறகு பாத் நகரில் என் வேலையையே, மறைவில் நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டர் வேலையை, பார்த்திருக்கிறார். அதில் எனக்கு ஒரு கர்வம்.

மேடைக்கோடி:

பிரிஸ்டலில் அச்சுப்பிழை திருத்தும் வேலையும் பார்த்தார். நானும் முன்பு ஒரு வார இதழுக்குப் பிழை திருத்தினேன். கடைசி இரண்டு மாதச் சம்பளம் இன்றுவரை வரவில்லை. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எழுந்து நின்று கை தட்டலாம் போலிருந்தது.

சரி, முக்கியமான இடத்துக்கு வருவோம். தன்வரலாறு 1755 மார்ச் 1இலிருந்து ஏப்ரல் 19 வரை சனிக்கிழமைதோறும் எட்டுப் பகுதிகளாக வந்தது. சமர்ப்பணம் யாருக்குத் தெரியுமா? தனக்கே! புரவலர் யாரும் இல்லை, தன்னைத் தானே புகழ்ந்து சமர்ப்பித்துக்கொள்கிறார். ஆனால் புத்தகம் எழுதப்பட்டது ஒரே ஒரு வாசகருக்கு. அது அப்பா.

சந்தேகப்பிராணி:

இங்கேதான் நான் உட்கார வேண்டும். தேதிகளைப் பாருங்கள். தொடர் ஆரம்பித்தது மார்ச் 1. மன்னிப்புக் கேட்டு அப்பாவுக்கு எழுதிய கடிதத்தின் தேதி மார்ச் 8. முதலில் ஊருக்குச் சொல்லி, பிறகுதான் அப்பாவுக்கு. 80 தாண்டிய ஒரு கிழவர், சந்தியில் நிறுத்தப்பட்டு, மன்னிப்பீர்களா மாட்டீர்களா என்று லண்டனே வேடிக்கை பார்க்கக் கேட்கப்படுகிறார். எனக்கு இது மிரட்டல் மாதிரித் தெரிகிறது.

கடிதத்தை உறைக்குள் வைத்து, பதிலுக்கு ஓர் எழுத்துகூட இல்லாமல் திருப்பி அனுப்பினார் சிபர். அதையும் அடுத்து வந்த பகுதியில் அச்சிட்டுவிட்டார் மகள். மானத்தோடு இருக்க நினைத்த எந்த அப்பாவும் அப்படித்தான் செய்திருப்பார்.

தாமிரபரணிக்காரி:

மானமா? அந்த அப்பா 1740இல் தன் வரலாற்றை எழுதி ஊர் முழுக்க விற்றவர். குடும்பக் கதையை அச்சில் ஏற்றும் வழக்கத்தைக் காட்டிக்கொடுத்தவரே அவர்தான்.

ஒப்புக்கொள்கிறேன், கடிதம் பிந்தித்தான் போனது. ஆனால் பல ஆண்டுகளாக வாசற்படி மிதிக்க விடாத வீட்டுக்குத் தனியாகக் கடிதம் எழுதினால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாதா? ஊர் பார்க்கக் கேட்டால் ஒருவேளை வெட்கப்பட்டாவது திறப்பார்கள் என்று நினைத்திருக்கலாம். இறந்துபோகும் குழந்தை போல அந்தப் பகுதிகளில் நம்பிக்கை வாராவாரம் தேய்வதைப் பாருங்கள்.

ஏட்டுப்புழு:

இன்னொன்றையும் கவனியுங்கள். அப்பாவைப் பற்றி ஊரில் உலவிய வதந்திகளை அவர் விற்கவில்லை, மறுக்கிறார். மீன் விற்கும்போது வழியில் வந்த அப்பாவின் முகத்தில் தட்டைமீனால் அறைந்தார் என்று ஒரு கதை. எப்பிங் காட்டில் கொள்ளைக்காரன் வேடத்தில் அப்பாவை மறித்தார் என்று இன்னொன்று. பணம்தான் குறி என்றால் அந்த மீன் கதை ஒன்று போதுமே, எட்டுப் பகுதியும் பறந்திருக்கும். அதைப் பொய் என்று எழுதினார். கொள்ளைக் கதையைப் பரப்பியவனைத் தடியால் விளாசியதாகவும் எழுதுகிறார்.

சந்தேகப்பிராணி:

மறுப்பதுபோல் எழுதினால் கதையையும் சொன்ன மாதிரி ஆயிற்று, நல்ல பெயரும் கிடைத்த மாதிரி ஆயிற்று. மீன் கதை இன்று நம் எல்லாருக்கும் தெரிகிறதே, எப்படி? இருந்தாலும் தடியடிக்கு அரை மதிப்பெண் தருகிறேன்.

மேடைக்கோடி:

கடைசிக் காலத்தையும் சொல்லிவிடுகிறேன். தன்வரலாறு அதே ஆண்டில் மறுபதிப்புக் கண்டது, ஜென்டில்மேன்ஸ் மேகசீன் சுருக்கி வெளியிட்டது. துருத்தியில் வைத்துப் படித்த நாவல் 'ஹென்றி டூமான்ட்' வந்தது, நிற்கவில்லை. எனக்கும் அது ஓடவில்லை. தன் கதையில் இருக்கும் வேகத்தில் பாதிகூட அதில் இல்லை. 1757 டிசம்பரில் கோலி சிபர் இறந்தார். உயிலில் மகளுக்கு 5 பவுண்டு. மறு ஆண்டு அண்ணன் தியோஃபிலஸ் டப்ளின் போகும் வழியில் கப்பலோடு மூழ்கினார். 1759 செப்டம்பரில் சார்க் ஹேமார்க்கெட்டில் ஒருமுறை மார்ப்ளாட் வேடம் கட்டினார், அதுவும் ஆண் வேடம்தான். 1760 ஏப்ரல் 6இல் இறந்தார். மகள் கேத்தரின் அமெரிக்கா போய் நாடகக்குழுவில் நடித்து 1773இல் நியூயார்க்கில் இறந்தார்.

வழக்குரை:

5 பவுண்டு என்பதைச் சட்டக் கண்ணால் பாருங்கள். பெயரே இல்லாவிட்டால், அப்பா தன்னை மறந்துவிட்டார் என்று மகள் உயிலை எதிர்க்கலாம். சிறு தொகை எழுதினால், மறக்கவில்லை, வேண்டுமென்றேதான் இவ்வளவு என்று ஆகிவிடும். இதே உத்தியை இன்றும் என் கட்சிக்காரர்கள் கேட்டு வருகிறார்கள். சிபர் மனதில் அதுதான் இருந்ததா என்பது வேறு விஷயம்.

தாமிரபரணிக்காரி:

அந்த எட்டுப் பகுதிகளில் முதல் பகுதியைத் தமிழில் மொழிபெயர்க்கத் தொடங்கியிருக்கிறேன். ஒரு சந்தேகம். நான்கு வயதுக் காட்சியில் அந்தத் தலைமுடிக்கு என்ன சொல் போடுவது? 'பொய்மயிர்' என்றால் மருத்துவக் குறிப்புபோல் இருக்கிறது. 'சிகையலங்காரம்' பொருள் மாறுகிறது.

பழைய_பிராம்ப்டர்:

டோப்பாதான் அம்மா. நீங்களே மேலே அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். ஒப்பனை அறையில் நாற்பது வருடம் அதைத் தவிர வேறு சொல் கேட்டதில்லை.

சந்தேகப்பிராணி:

டோப்பா என்றால் நாடகக்காரருடையது. அது சிபர் வீட்டில் அன்றாடம் மாட்டிய டோப்பாவா, மேடைக்கு வைத்திருந்த டோப்பாவா? அதைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தாமிரபரணிக்காரி:

பார்த்துவிட்டுச் சொல்கிறேன். சனிக்கிழமைக்குள்.